தோட்டத்து மெயின் கால்வாயைத் தூர்வாரப் போகிறார்கள்: கருத்துக் கடிதத்தில் என்ன கேட்பது?

கிராணி மகன்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் கீழ்ப் பேராக் கரையோரம், பாகான் டத்தோ பக்கத்துத் தோட்ட நகரம் ஒன்று. டெண்டர் இன்னும் போகாததால் ஊர்ப் பேரை விட்டுவிடுகிறேன்.

ரப்பர் காலத்தில் வெட்டிய மெயின் கால்வாயை நகராண்மைக் கழகம் சீரமைக்கப் போகிறது. நீளம் 1.8 கிலோமீட்டர். மேலகலம் 6 மீ., அடியகலம் 3.5 மீ., ஆழம் 1.8 மீ. மூங்கில் குத்திப் பார்த்ததில் அடியில் சராசரி 60 செ.மீ. சேறு. ஆற்று முகத்தில் செங்கல் மதகு, ஆற்றைப் பார்த்துத் தொங்கும் இரும்புக் கதவு. கதவு பாதி திறந்தபடி துருப்பிடித்து நிற்கிறது. மதகிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோட்ட பழைய புகைக்கூடமும் ஷீட் கொட்டகையும். மேலே அஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே ஷீட் அழுத்தும் ரோலர் மெஷின்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு பக்கம் தொழிலாளர் லயம் இருந்த இடத்தில் இப்போது தாமான் (வீடமைப்புப் பகுதி), மறுபக்கம் செம்பனை.

திட்டம் இதுதான். முழுக் கால்வாயையும் தூர்வாருவது. தாமான் ஓரமாக 900 மீட்டருக்கு 1.8 மீ. அகலம், 1.5 மீ. ஆழத்தில் கான்கிரீட் யூ-டிரெயின் (யூ வடிவ வடிகால்) போடுவது. மதகை இடித்துவிட்டுக் கான்கிரீட் பெட்டி வைப்பது. புகைக்கூடத்துக்குச் சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்துக் காட்சியகமாக்குவது. மக்கள் கருத்து கேட்டிருக்கிறார்கள், இரண்டு வாரம் அவகாசம். கோயில் கமிட்டியும் குடியிருப்போர் சங்கமும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். "பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் சொருகிவிடுவார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள் என்னென்ன?

மதகுக்காரன்:

முதல் கேள்வி சேற்றைப் பற்றி இருக்கட்டும். நீங்கள் கொடுத்த அளவுப்படி 1,800 × 3.5 × 0.6, அதாவது 3,780 கன மீட்டர். இது எங்கே போகப் போகிறது என்று டெண்டர் ஆவணத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். "பொருத்தமான இடத்தில் கொட்டப்படும்" என்று இருந்தால், கரை ஓரத்தில் குவித்துவிட்டுப் போவார்கள் என்றுதான் அர்த்தம்.

உங்கள் கரையோர மண்ணில் இதுதான் ஆபத்து. அது பழைய கடற்சேறு. அதில் பைரைட் என்ற இரும்புக் கந்தகம் இருக்கும். தண்ணீருக்கு அடியில் கிடக்கும்வரை அதனால் தொந்தரவில்லை. தோண்டி வெயிலில் போட்டதும் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாக மாறும். மழை பெய்ததும் அந்த அமிலம் திரும்பக் கால்வாய்க்கே வரும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும், பார்ப்பவர்கள் "சுத்தமாகிவிட்டது" என்று சந்தோஷப்படுவார்கள். பிஎச் 4க்குக் கீழே போனதால் (அமிலம் ஏற ஏறப் பிஎச் எண் இறங்கும்) வரும் தெளிவு அது, அலுமினியம் கரைந்து மண்டியைக் கீழே இறக்கிவிடும். பிறகு மீன் மிதக்கும், அடியில் ஆரஞ்சு நிறத் துருச்சேறு படியும்.

எவ்வளவு அமிலம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. காய்ந்த மண்ணில் 1 விழுக்காடு பைரைட் கந்தகம் இருந்தால், டன்னுக்குச் சுமார் 31 கிலோ கந்தக அமிலம் உண்டாகும். அதை முறிக்க ஏறக்குறைய அதே எடைக்குச் சுத்தமான சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். கலப்பு ஒருபோதும் சீராக இருக்காது என்பதால் ஒன்றரை மடங்கு போடுவது வழக்கம். அப்படியென்றால் டன்னுக்கு 47 கிலோ. உங்கள் சேற்றின் காய்ந்த எடை கன மீட்டருக்கு 0.8 டன் என்று வைத்தால் மொத்தம் 3,024 டன், சுண்ணாம்பு மட்டும் 140 டன்னுக்கு மேல். தோட்டங்களில் ஜிஎம்எல் என்று வாங்குகிறார்களே, அந்தத் தூள்தான். கந்தகம் அரை விழுக்காடு என்றால் இதில் பாதி. சோதிக்காமல் சொல்ல முடியாது, ஆகவே சோதனை டெண்டருக்கு முன்னால் நடக்க வேண்டும். வேலை தொடங்கியபின் தெரிந்தால் அந்த 140 டன்னுக்கு யார் பணம் கட்டுவது என்ற சண்டையில் சேறு ஆறு மாதம் கரையில் கிடக்கும். கிடக்கிற ஆறு மாதமும் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும்.

சேற்றைச் செம்பனைப் பக்கக் கரையில் 10 மீட்டர் அகலத்துக்குப் பரப்பினால் 21 செ.மீ. கனம்தான் வரும். கீழே ஒரு அடுக்குச் சுண்ணாம்பு, மேலே கலந்து ஒரு அடுக்கு. வழியும் நீர் நேராகக் கால்வாயில் விழாமல் இருக்க ஒரு சிறு வரப்பு. இது நடக்கக்கூடிய வேலை. தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது தோண்டும் ஆழம். "ஆழமாகத் தோண்டினால் நல்லது" என்று யாராவது சொல்வார்கள். விடாதீர்கள். பழைய அடிமட்டம் எதுவோ அதுவரை போதும். அதற்கும் கீழே போனால் இதுவரை காற்றே படாத மண்ணைக் கிளறுகிறீர்கள். அதோடு பக்கத்துத் தோட்டத்தின் நிலத்தடி நீரும் இறங்கிவிடும். இந்த மண்ணில் செம்பனை போட்டவர்கள் தரைக்குக் கீழே 60 செ.மீ. அளவில் நீர் நிற்கும்படி தடுப்புப் பலகை வைப்பதே, அடியிலுள்ள பைரைட் அடுக்கு காயாமல் இருக்கத்தான்.

கரை சரிவுக்கு 1:1.5 குறைந்தபட்சம் (ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலம்), இளகிய இடத்தில் 1:2. எக்ஸ்கவேட்டர் நேராகக் கரை விளிம்பில் ஏறக்கூடாது. நீண்ட கை உள்ள மெஷின், அடியில் மரப்பாய், தோண்டிய மண் விளிம்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி. கால்வாய்த் தண்ணீரையும் ஒரே நாளில் வடிக்கக்கூடாது. கரை மண்ணுக்குள் நிற்கும் நீர் வெளியேற நேரம் கிடைக்காமல் சரிவு மொத்தமாக வழுக்கி விழும். நாளுக்கு 15 செ.மீ. இறக்கினால் போதும். மேற்குக் கரையில் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் இரண்டும் கனமழைக் காலம், அட்டவணை அதில் விழுந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சேற்றுக்கு முன்னால் கெலாடி புந்திங், அதாவது ஆகாயத்தாமரை. அதை இயந்திரத்தால் நறுக்கித் தண்ணீரில் விட்டால் ஒவ்வொரு துண்டும் கீழே போய் முளைக்கும். கீழ்முனையில் மிதவைத் தடுப்புக் கட்டி முழுசாக வாரி எடுக்க வேண்டும். மருந்தடித்தால் அத்தனையும் ஒரே சமயத்தில் அழுகி, நீரிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடும்.

தாமான் வாசி:

எல்லாரும் பழசு பழசுன்னு சொல்றீங்க. தாமான் பக்கம் வந்து நின்னு பாருங்கண்ணே. கொசு, நாத்தம், பாம்பு. கரை இடிஞ்சு பின்வீட்டு வேலி சாஞ்சிருக்கு. கான்கிரீட் போட்டா அகலமும் குறையும், நடைபாதையும் கிடைக்கும், பேக்கோ வைச்சு வருஷத்துக்கு ஒருதரம் வாரிட்டா முடிஞ்சது. இதுல என்ன தப்பு?

மதகுக்காரன்:

தம்பி கேட்பது நியாயமான கேள்வி. கடிதத்தில் இந்தப் பக்கமும் வர வேண்டும், இல்லாவிட்டால் சங்கம் ஒரு பக்கம் தாமான் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். இப்போதைய கால்வாயின் குறுக்குவெட்டு (6 + 3.5) ÷ 2 × 1.8 = 8.55 சதுர மீட்டர். யூ-டிரெயின் 1.8 × 1.5 = 2.7. 900 மீட்டரில் தண்ணீர் நிற்கும் இடம் 7,695 கன மீட்டரிலிருந்து 2,430 ஆகிறது. குறைவது 5,265. ஏறக்குறைய 53 ஹெக்டேரில் விழும் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். சாதாரண ஊரில் இது பெரிய விஷயமில்லை, வடிகிற வேகம் கூடுகிறதல்லவா என்று சொல்லலாம். உங்கள் ஊரில் வடிய முடியாது. மதகைச் சரிசெய்தபின், ஆற்றில் நீர் ஏறும்போது அது மூடிக்கொள்ளும். நாளுக்கு இரண்டு கடல் ஏற்றம், ஒவ்வொன்றிலும் பல மணி நேரம். அந்த நேரத்தில் மழை பிடித்தால் தண்ணீர் நிற்க இருக்கும் ஒரே பாத்திரம் இந்தக் கால்வாய்தான். அதை மூன்றில் ஒரு பங்காக்கினால் மிச்சம் உங்கள் பின்வாசலுக்கு வரும். நீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடச் சொல்வது ஜேபிஎஸ்ஸின் (வடிகால், நீர்ப்பாசனத் துறையின்) சொந்தக் கையேடு. மஸ்மா என்கிறார்களே அதுதான், இரண்டாம் பதிப்பு 2012இல் வந்தது. கடிதத்தில் அதன் பேரைச் சொல்லியே கேளுங்கள்: ஏற்றக் காலத்துக்கான நீர்த்தேக்கக் கணக்கைக் காட்டுங்கள் என்று.

கான்கிரீட்டுக்கு இன்னும் இரண்டு தொல்லை. ஆற்றில் நீர் வற்றி டிரெயின் காலியாக இருக்கும்போது பின்னால் மண்ணில் நீர் நிறைந்து நிற்கும். அது அடியிலிருந்து தூக்கும், இரண்டு துண்டுகள் சேருமிடம் முதலில் விலகும். கசிவுத் துளை வைப்பார்கள், பின்னால் ஜல்லியும் வடிதுணியும் இல்லாவிட்டால் களிமண் புகுந்து அடைத்துவிடும். இரண்டாவது, அமிலமும் சல்பேட்டும் உள்ள நீரில் சாதாரண சிமெண்ட் அரிக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் சல்பேட் தாங்கும் சிமெண்ட் என்று எழுதி வாங்குங்கள்.

வேலி சாய்ந்த இடத்துக்குக் கான்கிரீட் தேவையில்லை. அந்த நீளத்துக்கு மட்டும் பாக்காவ் (அலையாத்தி மர) கம்பம் இரண்டு வரிசை, 100 மி.மீ. தடிமன், 5 முதல் 6 மீ. நீளம், பின்னால் வடிதுணி, மேலே புல். ஒரே நிபந்தனை: கம்பத்தின் தலை எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நனைந்து காய்ந்து நனையும் இடத்தில் பாக்காவ் சில வருஷத்தில் மக்கிவிடும். மதகு பழுதாகி உப்புநீர் உள்ளே வந்தால் துளைப்பூச்சியும் சேர்ந்துகொள்ளும். கொசுவுக்கும் நாற்றத்துக்கும் காரணம் அந்தப் பாதி திறந்த கதவுதான். நீர் ஓடவும் இல்லை, வடியவும் இல்லை. ஆகவே வரிசை மதகு, பிறகு சேறு, பிறகு கரை. திட்டத்தில் தலைகீழாக இருக்கிறது.

கல்தச்சன்:

மதகைப் பற்றியும் கட்டடத்தைப் பற்றியும் நான் சேர்க்கிறேன்.

மதகை இடிக்கும் முன் ஏன் இடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் செங்கல் தூணில் கோளாறு இருக்காது. கதவின் கீல் ஆணி தேய்ந்திருக்கும், அல்லது கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தென்னங்கட்டையோ தேங்காயோ சிக்கியிருக்கும். அது பல வருஷமாக அங்கேயே இருந்து துருவோடு சேர்ந்து இறுகியிருக்கும். கதவைக் கழற்றி, ஆணியையும் புஷ்ஷையும் மாற்றி, ஓரத்தில் புது ரப்பர் பட்டை வைத்தால் வேலை செய்யும். கதவு வார்ப்பிரும்பாக இருந்தால் சாதாரண வெல்டிங் வைக்க விடாதீர்கள், வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விரியும். நிக்கல் குச்சி, முன்சூடு, மெதுவாக ஆறவிடுவது என்று தெரிந்தவர் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வெடிப்பைக் குளிர்நிலையில் தையல் போட்டு இணைக்கும் முறை இருக்கிறது. பழைய செந்நிற அடிப்பூச்சு பெரும்பாலும் ஈயம் கலந்தது. உலர வைத்துத் தேய்க்கக்கூடாது, ஈரமாகச் சுரண்டித் தூளைப் பிடிக்க வேண்டும்.

செங்கல் சந்துகளுக்குச் சிமெண்ட் வேண்டவே வேண்டாம். பழைய செங்கல் இளகியது, சுண்ணாம்புச் சாந்தும் இளகியது. கடினமான சிமெண்ட் சந்தில் போனால் ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேறும். வரும்போது உப்பையும் கொண்டுவரும். உப்பு மேற்பரப்புக்கு அடியில் படிகமாகி முகத்தைப் பெயர்த்துத் தள்ளும். கடைசியில் சிமெண்ட் கோடுகள் மட்டும் வலை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்க, செங்கல் உள்வாங்கிப் போயிருக்கும். சிமெண்டில் சந்து பூசிய பழைய கடைவீடு எதை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்.

செய்ய வேண்டிய முறை: சந்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் கையுளியால் தோண்டுவது. கிரைண்டர் கூடாது, செங்கல் விளிம்பு போய்விடும். கழுவிய ஆற்று மணல் மூன்று, நீறிய சுண்ணாம்பு ஒன்று. கடல் மணல் கூடாது. மதகில் எப்போதும் ஈரமாக இருக்கும் பகுதிக்கு இந்தக் கலவை இறுகாது. அங்கே சுண்ணாம்பு ஒன்று, செங்கல் தூள் ஒன்று, மணல் இரண்டு. அல்லது ஈரத்திலேயே இறுகும் என்எச்எல் 5 வகைச் சுண்ணாம்பு. பூசிய பிறகு ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரமாவது வெயில் படாமல் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் சாக்கு போடாவிட்டால் அது மாவாக உதிரும், பிறகு "சுண்ணாம்பு சரிப்படாது, சிமெண்டே போட்டிருக்கலாம்" என்பார்கள்.

புகைக்கூடத்துக்கு வருவோம். ரப்பர் ஷீட்டை 40 டிகிரியில் தொடங்கி 60 டிகிரிவரை பல நாள் புகைபோட்ட இடம். உள்சுவரிலும் மரச்சட்டத்திலும் ஊறியிருப்பது தார் மாதிரிப் பிசின். அதன்மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது, சில மாதத்தில் பழுப்பாக ஊறி வெளியே வரும். பீய்ச்சிக் கழுவினால் அந்தக் கரி நீர் நேராகக் கால்வாய்க்குப் போகும். மணல் பீய்ச்சினால் செங்கல் தோல் போகும். உள்ளே இருக்கும் கருமையை அப்படியே விடுவதுதான் சரி. அந்தக் கருமைதானே காட்சிப்பொருள்! உதிரும் பகுதியை மட்டும் மென்பிரஷால் எடுத்து, வடிகட்டியுள்ள வேக்குவமில் பிடிக்க வேண்டும். அந்த மரம் நன்றாகப் பற்றும், ஆகவே மின்வயரை மரத்தின்மேல் ஓட்டாமல் தனிக் குழாயில் விட வேண்டும்.

முகட்டில் புகை போகிற திறப்பு இருக்கும். ஏர்கோன் வைப்பதற்காக அதை அடைப்பார்கள். அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிக் கரையான் வரும். திறப்பு திறந்தே இருக்கட்டும், வௌவால் வராமல் வலை போதும். (இந்தக் கரையில் பழைய கட்டடத்தைக் கண்டால் உடனே கூட்டை விற்பதற்காக உழவாரன் குருவி வளர்க்கும் பறவைக்கூட்டு வீடாக மாற்ற ஆள் வந்துவிடுகிறார்கள். சுவரில் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைப்பார்கள். சுண்ணாம்புக் கட்டடத்துக்கு அது மெதுவான சாவு. குத்தகை ஒப்பந்தத்தில் அதற்குத் தடை எழுதிவிடுங்கள்.)

அஸ்பெஸ்டாஸ் கூரையை உடைக்காமல் ஆணியை அறுத்து முழுத் தகடாக இறக்க வேண்டும், நீர் தெளித்துக்கொண்டே. பாசியைப் போக்க அழுத்த நீர் பீய்ச்சுவதுதான் செய்யவே கூடாத காரியம். உடைந்து தூளாகவும் நாராகவும் ஆனால் அது அட்டவணைக் கழிவு (சட்டம் பட்டியலிட்ட ஆபத்தான கழிவு), குறியீடு எஸ்டபிள்யூ 201. இரட்டை பிளாஸ்டிக்கில் சுற்றி லேபிள் ஒட்ட வேண்டும். அட்டவணைக் கழிவை 180 நாளுக்கு மேல் அல்லது 20 டன்னுக்கு மேல் இடத்தில் வைக்கக்கூடாது. உரிமம் உள்ளவர்தான் ஏற்றிப் போக வேண்டும். சாதாரண குப்பை லோரியில் போனால் நகராண்மைக் கழகமே மாட்டிக்கொள்ளும். இதைச் சொன்னால் உடனே காது கொடுப்பார்கள்.

ரோலர் மெஷின்களை இடம் மாற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் எண், அளவுகோல் வைத்த படம், நின்ற இடத்தின் வரைபடம் 1:50 அளவில். வழவழப்பான ரோலர்கள் வரிசையாக ஷீட்டை மெலிதாக்கும், கடைசி ஒன்றுதான் வரி போடும். வரிசை மாறினால் அது வெறும் பழைய இரும்பு. வரி ரோலரின் பள்ளங்களில் காய்ந்த ரப்பர் பால் மஞ்சள் நூலாக இன்னும் ஒட்டியிருக்கும். கம்பி பிரஷ் போடாமல் மூங்கில் சீவலால் தளர்ந்ததை மட்டும் எடுங்கள். கறுப்பு பெயிண்ட் வேண்டாம், தயாரித்தவர் பெயர்த்தகடு முதலில் அதில்தான் மறையும். எண்ணெய் போதும்.

கோப்புப் புழு:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் யாருடைய நிலம் என்று யாருமே கேட்கவில்லையே!

தோட்டக் கால்வாய் என்றால் அது தோட்டத்தின் பட்டாவுக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். தோட்டம் துண்டாடப்பட்டுக் கைமாறும்போது கால்வாய் ஒரு லாட்டில் (அளந்த நிலத்துண்டில்) பாதி, இன்னொரு லாட்டில் பாதி என்று போயிருக்கும். நில அலுவலகத்தில் லாட் எண்களைக் கொடுத்துத் தேடுதல் போடுங்கள், நில அளவைத் துறையின் பிஏ வரைபடத்தையும் (அத்துறை ஒப்புதல் தந்த அளவை வரைபடம்) வாங்குங்கள். வடிகால் ஒதுக்கீடாகக் குறித்திருந்தால் வேலை சுலபம். தனியார் பட்டாவில் இருந்தால் உரிமையாளர் எழுதிக் கொடுக்காமல் நகராண்மைக் கழகம் பொதுப்பணத்தைப் போட முடியாது, தணிக்கையில் சிக்கும். கால்வாய் வேலை பாதியில் நின்றுபோவதற்குச் சேறு, சிமெண்டைவிட இதுதான் அதிகக் காரணம்.

இடிப்பதைப் பற்றி: நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976 (சட்டம் 172) கட்டடத்தை இடிப்பதையும் கட்டட வேலை என்றுதான் கணக்கில் எடுக்கிறது, அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். வடிகாலைப் பழுதுபார்ப்பது, புதுப்பிப்பது போன்ற சில வேலைகளுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆகவே மதகு வடிகாலின் பாகமா, தனிக் கட்டடமா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் அடுத்த கடிதம்.

மாவட்டத்தின் உள்ளூர்த் திட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். ரன்சாங்கான் தெம்பாத்தான் என்று கேட்டால் கொடுப்பார்கள். புகைக்கூடத்தின் நிலம் அதில் வணிகமா, விவசாயமா, பொது வசதியா என்பது முக்கியம். காட்சியகம் அதற்குப் பொருந்தாவிட்டால் நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டிவரும். கால்வாய், மதகு, புகைக்கூடம் மூன்றையும் ஒரே தொகுதியாகக் காக்க, அதே சட்டத்தின் 16பி பிரிவில் சிறப்புப் பகுதித் திட்டம் என்று ஒரு வழி இருக்கிறது. நேரம் எடுக்கும். ஆனால் இந்த மூன்றும் தனித்தனி டெண்டராகப் போவதைத் தடுக்க அதைவிட நல்ல கருவி இல்லை.

தேசிய பாரம்பரியச் சட்டம் 2005 (சட்டம் 645) பற்றியும் கேட்பீர்கள். பாரம்பரிய ஆணையருக்கு யார் வேண்டுமானாலும் பரிந்துரை அனுப்பலாம். நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்பதால் மாநில அரசாங்கம் இசையாமல் இடத்தைப் பட்டியலில் சேர்க்க முடியாது. அவசரத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு ஆணை இருக்கிறது, அதிகபட்சம் 90 நாள். அந்த 90 நாளில் வேறு எதுவும் தயாராக இல்லையென்றால் அந்த ஆணை வீண். ஆகவே முதலில் ஆவணம், பிறகு ஆணை. சிதைவு ஆய்வு, அளவெடுத்த வரைபடம், படங்கள் இல்லாமல் போனால் மேசையில் எதுவும் நகராது. தேசிய பாரம்பரியத் துறையில் பதிவுபெற்ற கொன்சர்வேட்டர் (பழைய கட்டடப் பாதுகாப்பு நிபுணர்) ஒருவரை நகராண்மைக் கழகமே அமர்த்த வேண்டும் என்று கேளுங்கள்.

கடிதத்தை நகராண்மைக் கழகத் தலைவருக்கு அனுப்பி, நகல்களை மாவட்ட ஜேபிஎஸ் பொறியாளர், நில அலுவலகம், உங்கள் பகுதிக் கவுன்சிலர், சட்டமன்ற உறுப்பினர் என்று வையுங்கள். கவுன்சிலரை மட்டும் நம்பாதீர்கள். 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டதிலிருந்து அவர்கள் நியமனம்தானே, அடுத்த தவணை அவர் கையில் இல்லை. எல்லா இடத்திலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். மலாயில் எழுதுங்கள், தமிழ்ப் பிரதி ஊருக்கு.

கிராணி மகன்:

மிக்க நன்றி ஐயா, அண்ணன்மார்களே. ஒரு சின்ன விஷயம். சாய்ந்த வேலிப் பக்கம் இடிந்த கரையில் வைக்கோல் நிற மஞ்சள் கோடுகள் தெரிகின்றன, வேர் போன துளைகளை ஒட்டி. இதுதான் நீங்கள் சொன்ன அமில மண்ணா? ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் நாமே பார்க்க வழி உண்டா?

மதகுக்காரன்:

அந்த மஞ்சள் ஜரோசைட். அது தெரிந்தால் அந்த அடுக்கு ஏற்கெனவே காற்றுப்பட்டுப் புளித்துவிட்டது, பிஎச் 3.5 பக்கம் இருக்கும். உங்களுக்கு வேண்டிய சாட்சியம் அதற்குக் கீழே, இன்னும் சாம்பல் நிறமாக, அழுகிய முட்டை வாடையோடு இருக்கும் சேறு.

கைச்சோதனை சுலபம். மண் துளைக்கும் ஆகரால் 25 செ.மீ.க்கு ஒரு மாதிரி, பழைய அடிமட்டத்துக்குக் கீழே அரை மீட்டர்வரை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து வடிநீரில் குழைத்து பிஎச் பாருங்கள், இது முதல் எண். இன்னொரு சிட்டிகையைக் கண்ணாடிக் குவளையில் போட்டு 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுங்கள். பெராக்சைடே புளிப்பாக வரும், முன்னதாக அதன் பிஎச்சை 4.5க்கும் 5.5க்கும் நடுவே சரிசெய்திருக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், பைரைட் அதிகமிருந்தால் கொதித்துப் பொங்கும், பிளாஸ்டிக் குவளை இளகிவிடும். ஆறியபின் மறுபடி பிஎச். அது 3க்குக் கீழே போய், முதல் எண்ணைவிட நன்றாக இறங்கியிருந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். சேற்றில் கிளிஞ்சல் தூள் நிறைய இருந்தால் அதுவே அமிலத்தை முறித்து எண்ணைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டும், அதைக் குறிப்பில் எழுதுங்கள். வெறும் இலைதழை மக்கும் பொங்கும், நுரையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

ஆய்வகத்துக்குப் போகும் மாதிரியைப் பையில் காற்றில்லாமல் அமுக்கிக் கட்டி உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள். காரின் பின்னால் ஒரு நாள் கிடந்தால் வழியிலேயே பாதி புளித்துவிடும், வரும் எண் பொய். கேட்க வேண்டிய சோதனை குரோமியத்தால் ஒடுக்கும் கந்தக அளவு. மொத்தக் கந்தகம் மட்டும் கேட்டால் கடல் உப்பிலுள்ள சல்பேட்டும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும்.

கல்தச்சன்:

ஒன்று விட்டுப்போனது. பராமரிப்புச் செலவு தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்து காஜா பக்கம் வெள்ளீயம் தோண்டிய டி.டி.5 ஈயக்கப்பல் நிற்கிறதே, 1938இல் கட்டி 1982வரை ஓடியது, 4,500 டன். அது மிதப்பது அடியிலுள்ள மிதவைப் பெட்டியின் மேல். பெட்டிக்குள் நீர் கசிந்தால் கப்பல் சாயும், ஆகவே பார்வையாளர் வந்தாலும் வராவிட்டாலும் அடித்தகட்டைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மதகும் அப்படித்தான்.

கதவுக்கு உள்பக்கம், கால்வாய்ப் பக்கமாகக் குப்பைத் தடுப்புக் கம்பி, 75 முதல் 100 மி.மீ. இடைவெளி. அதைவிட நெருக்கினால் இலை அடைத்து அதுவே அணையாகிவிடும், அகட்டினால் தேங்காய் நுழையும். ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு வார ஆள் வேண்டும். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்துக்கு முன்னால் கதவு முழுசாகச் சாத்துகிறதா என்று ஒருதரம், கீல் ஆணிக்கு மாதம் ஒருதரம் கிரீஸ். வெயில் காலத்தில் கதவின் வெளிப்பக்கம் ஆற்று வண்டல் மேடு கட்டும். உள்ளே தண்ணீரைத் தேக்கி, நீர் நன்றாக வற்றிய நேரத்தில் ஒரே மூச்சாகத் திறந்துவிட்டால் அந்த ஓட்டமே மேட்டை அரித்துக்கொண்டு போகும். அதற்குத் தொங்கும் கதவு மட்டும் போதாது, உள்பக்கம் பலகை சொருகும் பள்ளம் வேண்டும். பழைய மதகில் அந்தப் பள்ளம் பெரும்பாலும் இருக்கும், சேற்றுக்குள் மறைந்திருக்கும். இடிக்க விடும் முன் தூணின் உள்பக்கம் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

தாமான் வாசி:

பலகை சொருகுற பள்ளம் ரெண்டு பக்கமும் இருக்கு அண்ணே, இன்னிக்குத் தண்ணி வத்தினப்ப பார்த்தேன். ஒரு பக்கம் செங்கல் ரெண்டு வரிசை பேர்ந்திருக்கு. படம் எடுத்துக் கிராணி மகனுக்கு அனுப்பிட்டேன். தாமான்காரங்க கையெழுத்து வேணும்னா நான் வாங்கித் தரேன், ஆனா வேலி பக்கம் பாக்காவ் கம்பம் போடணும்னு கடிதத்துல முதல் பக்கத்துலயே வரணும்.